‘எந்த ஆடு?’ என்ற கேள்விக்கு

அன்று எனக்குக் கடும் காய்ச்சல். பட்டிக்குப் போக முடியவில்லை. ஆடுகளுக்குக் குடற்புழு மருந்து கொடுக்க வேண்டிய நாள் அது, தள்ளிப்போட மனமில்லை. தம்பியைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன்: “எல்லாத்துக்கும் குடுத்துடு. நெத்தியில வெள்ளைப் பொட்டு இருக்கிற செவலையை மட்டும் விட்டுடு. கிடாவோட சேர்ந்து மூணு வாரம்தான் ஆகுது அவளுக்கு.”

“சரிக்கா” என்றான். சொன்னபடியே செய்தான். நெற்றியில் வெள்ளைப் பொட்டு வைத்த ஒரு செவலையைத் தனியே கட்டிவிட்டு, மற்ற 39 ஆடுகளுக்கும் மருந்து ஊற்றினான்.

பட்டியில் அப்படிப்பட்ட செவலைகள் இரண்டு. ஒரே ஈத்தில் பிறந்த அக்கா தங்கைகள். ஒருத்தியின் பொட்டு அகலமானது, எட்ட நின்றாலே தெரியும். மற்றவளுடையது முன்முடிக்குள் பாதி மறைந்திருக்கும். எனக்கு அவர்கள் இருவரும் முற்றிலும் வேறு ஆட்கள். நடை வேறு, குரல் வேறு, தீவனத்துக்கு முண்டும் விதம் வேறு. அதனாலேயே, போனில் பேசும்போது இன்னொருத்திக்கும் பொட்டு உண்டு என்பது எனக்குத் தோன்றவே இல்லை. சினை பிடித்திருந்தது சின்னப் பொட்டுக்காரிக்கு. தம்பி விலக்கி வைத்தது பெரிய பொட்டுக்காரியை.

கொடுத்த மருந்து அல்பென்டசோல். சினையின் முதல் மாதத்தில் கொடுத்தால் கருவின் வளர்ச்சியைக் கெடுத்துவிடக் கூடியது. அது தெரிந்ததால்தான் விலக்கச் சொன்னேன். நான்கு மாதம் கழித்துப் பிறந்த குட்டிக்கு முன்னங்கால்கள் இரண்டும் மடங்கியே இருந்தன. நிற்க முடியாமல், பீய்ச்சிப் புகட்டிய பாலைக் குடித்துக்கொண்டு இரண்டு நாள் இருந்தது. மருந்துதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் நாள் கணக்கு ஒத்துப்போகிறது என்றார் மருத்துவர்.

தம்பி ஒரு பிழையும் செய்யவில்லை. என் தலைக்குள் மட்டும் இருந்த ஒரு அடையாளத்தை நான் அவனுக்குக் கொடுக்கவில்லை. அந்த நாளுக்குப் பிறகுதான் மந்தைக்குக் குறியிடுவதைப் பற்றி உட்கார்ந்து யோசித்தேன், படித்தேன், கேட்டேன், செய்து பார்த்தேன். கடந்த சில ஆண்டுகளில் கற்றுக்கொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

‘என் ஆட்டை எனக்குத் தெரியாதா?’ என்று சொல்லாத வளர்ப்பவர் கிடையாது. தெரியும்தான். முகம் பார்த்து அறிவதில் ஆடுகளே கெட்டிக்காரர்கள். பிரிட்டனின் பாப்ரகாம் ஆய்வு நிலையத்தில் கீத் கெண்ட்ரிக் குழுவினர் செம்மறிகளை வைத்துச் செய்த ஆய்வு 2001-இல் வெளியானது. ஒரு செம்மறி மற்ற 50 செம்மறிகளின் முகங்களை அடையாளம் வைத்துக்கொள்கிறது, இரண்டு ஆண்டுகளுக்கு மேலும் மறக்காமல் இருக்கிறது என்று அதில் கண்டார்கள். நம்மாலும் ஏறக்குறைய அவ்வளவு முடியும். சிக்கல் அதில் இல்லை. அந்த அறிவைப் பக்கத்தில் நிற்பவருக்குக் கைமாற்றித் தர முடியாது. நாம் படுத்துவிட்டால் அதுவும் நம்மோடு படுத்துவிடும். மந்தைக்குக் குறி வைப்பது நாம் பட்டியில் இல்லாத நாளுக்காக.

இந்தக் கோணத்தில் பார்க்கத் தொடங்கியதும், ஒவ்வொரு முறையையும் ஒரே கேள்வியால் அளக்க முடிந்தது. இந்த ஆட்டை முன்பின் பார்த்திராத ஒருவர், அரைகுறை வெளிச்சத்தில், எத்தனை அடி தள்ளி நின்று இதைப் பிழையில்லாமல் படிப்பார்?

மிகப் பழைய முறை சூட்டுக்கோல். பண்டை எகிப்தியக் கல்லறை ஓவியங்களிலேயே மாட்டுக்குச் சூடு போடும் காட்சி இருக்கிறது. அமெரிக்காவின் டெக்சஸில் 19-ஆம் நூற்றாண்டில் சாமுவேல் மேவரிக் என்றொரு நிலக்கிழார் தன் கன்றுகளுக்குச் சூட்டுக்குறி போடாமலே விட்டிருந்தார். குறியில்லாமல் திரிந்த கன்றுகளை எல்லாம் ஊரார் ‘மேவரிக்’ என்றே அழைக்க, எந்தக் கூட்டத்துக்கும் கட்டுப்படாத மனிதரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகவே அது ஆகிவிட்டது. ஆனால் சூட்டுக்குறி சொல்வது ‘இது இன்னாருடைய மாடு’ என்பதைத்தான். திருட்டைத் தடுக்க அது உதவியிருக்கலாம். மந்தைக்குள் எந்த மாடு எது என்று பிரித்தறிய அது போதாது. கூடவே வலி, புண், பாழாகும் தோல். நான் அதைச் செய்யமாட்டேன்.

குளிர்குறி கொஞ்சம் பரவாயில்லை. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கீத் ஃபாரல் 1966-இல் உருவாக்கிய முறை இது. திரவ நைட்ரஜனில் முக்கிக் குளிரவைத்த உலோக எண்ணைத் தோலில் அழுத்திப் பிடிப்பார்கள். திரவ நைட்ரஜனின் குளிர் மைனஸ் 196 டிகிரி செல்சியஸ். முடிக்கு நிறம் தரும் செல்கள் அந்தக் குளிரில் செத்துவிடும், முடி மட்டும் பிழைத்து அந்த இடத்தில் வெள்ளையாக முளைக்கும். கறுப்பு மாட்டின் தொடையில் எழுதிய வெள்ளை எண்ணைக் கறவைக்காரர் பின்னால் இருந்தே படித்துவிடலாம். வெள்ளை மாட்டுக்கு இந்த உத்தி அப்படியே உதவாது. இன்னும் கூடுதல் நேரம் அழுத்தி முடி முளைக்காமலே செய்ய வேண்டும், எண் வழுக்கைத் தோலாகத் தெரியும். வலி சூட்டுக்கோலைவிடக் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை.

எங்கள் பட்டிக்கு ஒத்துவந்தது காதுவில்லை: காதைத் துளைத்து இரு பக்கமும் பூட்டிக்கொள்ளும், எண் எழுதிய வில்லை ஜோடி. தம்பி அதைக் ‘கம்மல்’ என்றுதான் சொல்வான். முதல் ஆண்டு நான் போட்டவற்றில் பல கிழிந்து விழுந்தன. வில்லையின் தரம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் என் கைதான் சரியில்லை. இப்போது செய்வதைச் சொல்கிறேன்.

ஆட்டின் காதை உள்பக்கமாக விரலால் தடவினால் நீளவாக்கில் வரம்பு போல இரண்டு குருத்தெலும்புகள் தட்டுப்படும். அந்த இரண்டுக்கும் நடுவில், காதின் அடிக்கும் நுனிக்கும் ஏறக்குறைய பாதி தூரத்தில்தான் ஊசி இறங்க வேண்டும். நுனியை ஒட்டிப் போட்டால் வேலியிலோ முள்ளிலோ மாட்டிக் காதைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். அடியை ஒட்டிப் போட்டால் காது தடித்த இடம், வில்லை இறுகிப் புண்ணாகும். காதுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தால் இரத்தக் குழாய்கள் கோடு கோடாகத் தெரியும், அவற்றை விலக்க வேண்டும். ஊசி முனையையும் காதையும் கிருமிநாசினியால் துடைத்துவிட்டு, இடுக்கியை ஒரே அழுத்தில் மூட வேண்டும். இரக்கப்பட்டு மெதுவாக அழுத்தினால்தான் ஆட்டுக்கு அதிகம் வலிக்கிறது. பாதி இறங்கிய ஊசியோடு தலையை உதறிக் காதைக் கிழித்துக்கொள்ளும். குட்டிக் காது வளரும் என்பதால் இரண்டு வில்லைகளுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விட வேண்டும். ஈ மொய்க்கும் பருவத்தில் போடவே கூடாது. புண்ணில் புழு வைத்துவிட்டால் காதே போய்விடும். பத்து நாள் கழித்து ஒவ்வொரு காதையும் முகர்ந்து பார்ப்பேன். சீழ் கண்ணுக்குத் தெரியும் முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும்.

எண்ணைத் தேர்ந்தெடுப்பதிலும் யோசனை வேண்டும். 1, 2, 3 என்று போட்டுக்கொண்டே போனால் எண்ணுக்கும் ஆட்டுக்கும் ஒரு தொடர்பும் இருக்காது. எங்கள் எண்களில் முதல் இலக்கம் பிறந்த ஆண்டின் கடைசி இலக்கம். 2023-இல் பிறந்த 17-ஆவது குட்டி 3017. ஆண்டுக்கொரு நிறம். பத்து ஆண்டு கழித்து அதே இலக்கம் திரும்பி வரும்போது நிறம் வேறாக இருக்கும், குழப்பம் வராது. பெட்டைக்கு இடக் காது, கிடாவுக்கு வலக் காது. வயதும், பெட்டையா கிடாவா என்பதும் எண்ணைப் படிக்காமலே தூரத்தில் தெரிந்துவிடும். ஆங்கில எழுத்து சேர்ப்பவர்கள் ஐ, ஓ, க்யூ மூன்றையும் விட்டுவிடுவது நல்லது. அழுக்குப் படிந்த வில்லையில் அவற்றை ஒன்று, பூஜ்யம் என்றே கண் படிக்கும். இன்னொன்று, செத்த ஆட்டின் எண்ணையோ விற்ற ஆட்டின் எண்ணையோ இன்னொன்றுக்குக் கொடுக்கவே கூடாது. பதிவேட்டில் இரண்டு உயிர்கள் ஒரே பெயரில் கலந்துவிட்டால் பிரிக்கவே முடியாது.

வில்லை என்றாவது விழும். அதனால் காதுக்குள் பச்சையும் குத்தி வைக்கிறோம். பச்சை தூரத்தில் தெரியாது, ஆட்டைப் பிடித்துக் காதைத் திருப்பித்தான் படிக்க வேண்டும். ஆனால் ஆயுளுக்கும் இருக்கும். காது அழுக்கையும் மெழுகையும் ஸ்பிரிட்டால் நன்றாகத் துடைத்துவிட்டு, மை தடவி, எண் ஊசிகளை அழுத்தி, மறுபடி மையை வைத்து ஒரு பழைய பல்துலக்கியால் தேய்க்க வேண்டும். கறுத்த காதுக்குப் பச்சை நிற மைதான் எடுபடும். அழுத்துவதற்கு முன் ஒவ்வொரு முறையும் ஒரு அட்டைத் துண்டில் குத்திப் பார்த்துவிடுங்கள். ஊசிக் கட்டையில் எண்கள் இடம் வலம் மாறிக் கோத்திருப்பது அங்கேதான் தெரியும். ஆட்டுக் காதில் தெரிந்து பயனில்லை. லாமான்சா என்ற ஆட்டினத்துக்குக் காது மடலே இல்லை என்று சொல்லுமளவு சின்னது. அவற்றுக்கு வாலின் அடியில் முடியில்லாத தோல் மடிப்பில் பச்சை குத்துகிறார்கள்.

பன்றி வளர்ப்பவர்களின் முறையைக் கேட்டபோது வியந்துபோனேன். அதில் எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை, காது விளிம்பில் சிறு வெட்டுகள் மட்டும். வெட்டும் இடத்துக்கு இடம் மதிப்பு மாறும்: 1, 3, 9, 27. ஓரிடத்தில் இரண்டு வெட்டுக்கு மேல் போடமாட்டார்கள். நுனியில் ஒரு வெட்டு 81. வலக் காது எந்த ஈத்து என்று சொல்லும், இடக் காது அந்த ஈத்தில் எத்தனையாவது குட்டி என்று சொல்லும். வலக் காதில் 9-இன் இடத்தில் ஒன்று, 3-இன் இடத்தில் ஒன்று, 1-இன் இடத்தில் இரண்டு என்றால் 14-ஆம் ஈத்து. ஐந்தே இடங்களைக் கொண்டு 161 வரை எழுதிவிடலாம். பிறந்த ஓரிரு நாளில் செய்கிறார்கள். வெட்டு என்பதால் எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை, ஆனால் அந்தக் கணக்கைக் கண்டுபிடித்த மூளையை மதிக்கிறேன்.

இதுவரை சொன்னதெல்லாம் ஆயுள் குறிகள். பட்டியில் அன்றாடம் உயிர் காப்பது தற்காலிகக் குறி என்பது என் அனுபவம். மடிநோய்க்கு ஊசி போட்ட ஆட்டின் பாலைக் குறிப்பிட்ட நாள்வரை பொதுப் பாலில் சேர்க்கக் கூடாது. அதற்கு நான்கு இலக்க எண் எதற்கு? பின்னங்காலில் ஒரு சிவப்புப் பட்டை போதும். பால் கறப்பவர் மடிக்குக் குனியும்போது கண்ணுக்கு நேராக அது நிற்கும். கடைசி நாள் முடிந்ததும் அதைக் கழற்றுவது கட்டியவருடைய பொறுப்பு மட்டுமே. வேறு யாரும் தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டில் சட்டம்.

இனச்சேர்க்கைக் காலத்தில் கிடாவின் நெஞ்சில் பூசும் சாயம் எனக்கு மிகவும் பிடித்த உத்தி. நெஞ்சில் சாயக்கட்டி பொருத்திய வார்ப்பட்டையும் கட்டலாம். கிடா எந்தப் பெட்டையின் மேல் ஏறியதோ அதன் முதுகில் சாயம் ஒட்டியிருக்கும். தேதியைக் குறித்துக்கொண்டால் ஈனும் நாள் கையில் இருக்கிறது. வெள்ளாட்டுக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள், செம்மறிக்கு 147. பெட்டையின் பருவச் சுழற்சி ஒன்று முடிந்ததும் சாயத்தின் நிறத்தை மாற்ற வேண்டும், செம்மறிக்கு 17 நாளில், வெள்ளாட்டுக்கு 21 நாளில். வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்துக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் பழைய நிறம் புதியதை விழுங்கிவிடும். மஞ்சள் மேல் சிவப்பும் விழுந்திருந்தால் அவளுக்கு முதல் முறை சினை பிடிக்கவில்லை. எல்லா முதுகிலும் இரண்டாம் நிறம் ஏறினால் கோளாறு பெட்டைகளிடம் இல்லை, கிடாவிடம். இதைக் கவனித்துத்தான் ஒரு கிடாவை ஒரு பருவம் முழுவதும் வீணாவதற்குள் மாற்றினோம். சின்னப் பொட்டுக்காரியின் முதுகில் அன்று ஒரு சாயக் கோடு இருந்திருந்தால், ‘முதுகில் மஞ்சள் உள்ளதை விட்டுடு’ என்று நான் சொல்லியிருப்பேன்.

செம்மறியின் கம்பளிக்குக் கழுவினால் போகும் சாயம்தான் பூச வேண்டும். தாரும் பெயின்டும் பூசினால் கம்பளி கெடும்.

மின்னணு வில்லைக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாறினோம். அந்த வில்லைக்குள் மின்கலம் கிடையாது. ஒரு கம்பிச் சுருளும் சில்லும் மட்டும். படிப்பானைப் பக்கத்தில் கொண்டுபோனால் அது பரப்பும் 134.2 கிலோஹெர்ட்ஸ் அலையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்லும். ஐஎஸ்ஓ 11784, 11785 என்ற இரண்டு தரங்களின்படி எண்ணுக்கு 15 இலக்கம்: முதல் மூன்று நாட்டையோ தயாரிப்பாளரையோ குறிக்கும், மீதி 12 அந்த விலங்குக்கு மட்டும் உரியவை. கையடக்கப் படிப்பான் ஒரு முழ தூரத்துக்குள் வந்தால்தான் படிக்கும், மேயும் மந்தையைத் தூரத்திலிருந்து எண்ண அது உதவாது. அதன் அருமை வேறு இடத்தில். எடை போடும்போது 3017-ஐ 3071 என்று எழுதிவிடும் பிழை நின்றுபோயிற்று. ஒரு பருவத்துக்கு இரண்டு மூன்று அப்படி எழுதிக்கொண்டிருந்தோம், பின்னால்தான் தெரியும். மாடுகளுக்கும் செம்மறிகளுக்கும் இதே சில்லைப் பீங்கான் குளிகைக்குள் வைத்து விழுங்கவும் கொடுக்கிறார்கள். கனமாக இருப்பதால் அது இரண்டாம் இரைப்பையில் தங்கி, ஆயுள் முழுவதும் அங்கேயே கிடக்கும். காதில் மாட்டியதைப் போலக் கிழிந்து விழும் பயமில்லை, அறுத்துத் திருடவும் முடியாது. வெளியே எதுவும் தெரியாது என்பதுதான் குறை. மாட்டின் மூக்கு ரேகை நம் கைரேகை போல ஒன்றுக்கொன்று மாறுபடும் என்பது 1920-களிலேயே தெரிந்த சங்கதி. இப்போது அதையும் முகத்தையும் கேமராவால் படிக்கப் பார்க்கிறார்கள். ஊசியே வேண்டாத நாள் வந்தால் என்னைவிட மகிழ்பவர் யாரும் இருக்க முடியாது.

பட்டியின் வேலியைத் தாண்டியும் இந்த எண்ணுக்கு வேலை உண்டு. 2001 பிப்ரவரியில் பிரிட்டனில் கோமாரி உறுதிப்பட்டபோது, நோய் தொற்றிய செம்மறிகள் அதற்கு முன்பே சந்தைகள் வழியாக நாடெங்கும் போய்விட்டிருந்தன. எந்தச் செம்மறி எங்கே போனது என்று தனித்தனியாகச் சொல்லும் எண் அப்போது அவற்றுக்குக் கிடையாது. 60 லட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகளைக் கொன்று முடித்தார்கள், அவற்றில் பெரும்பாலானவை செம்மறிகள். எண் இருந்திருந்தால் எல்லாம் பிழைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்கே தேடுவது என்று தெரியாதவர்கள் எல்லா இடத்திலும் கொல்ல வேண்டியதாகிறது. ஜப்பானில் அதே ஆண்டு ‘மேட் கவ்’ எனப்படும் பித்துப் பிடித்த மாட்டு நோய் தென்பட்டது. 2003-இல் சட்டம் போட்டு ஒவ்வொரு மாட்டுக்கும் பத்து இலக்க எண் கொடுத்தார்கள். கடையில் வாங்கும் இறைச்சியின் உறையில் உள்ள எண்ணைக் கொண்டு அந்த மாடு பிறந்த இடம்வரை பார்த்துவிடலாம்.

இவ்வளவும் செய்துவிட்டு நோட்டு எழுதாமல் விட்டால் வில்லை வெறும் கம்மல்தான். எங்கள் பதிவேட்டில் ஒரு ஆட்டுக்கு ஒரு பக்கம்: தாய், தகப்பன், பிறந்த நாள், எடை, போட்ட ஊசி, சேர்ந்த நாள், ஈன்ற நாள். போனிலும் வைத்திருக்கிறோம். பட்டிக் கதவில் ஒரு கரும்பலகை தனியே உண்டு. இன்றைக்கு யாருக்கு எது கூடாது என்பது மட்டும் அதில் இருக்கும். தம்பி உள்ளே நுழையும்போது முதலில் அதைப் பார்ப்பான்.

குட்டி பிறந்ததும் கையில் சாயக் குப்பியோடு ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து பொறுங்கள். தாய் தன் குட்டியை அறிவது முதலில் வாசனையால். நக்கிக் காயவைக்கும் அந்த முதல் ஒரு மணி இரண்டு மணி நேரத்தில்தான் அது மனதில் பதிகிறது. அதற்குள் நம் கையும் சாயமும் நடுவில் போனால் சில தாய்கள் குட்டியை ஒதுக்கிவிடும். நக்கி முடித்து, குட்டி எழுந்து, ஒரு தரம் பால் குடிக்கட்டும். பிறகு தாயின் விலாவிலும் குட்டிகளின் விலாவிலும் ஒரே எண்ணை எழுதுங்கள். வில்லை இன்னும் சில நாள் காத்திருக்கும்.

போன மாதம் நான் வெளியூரில் இருந்தபோது தம்பி விடிகாலையில் கூப்பிட்டான். “அக்கா, 3017 ஈனுது. முன்னங்கால் ஒண்ணுதான் வெளிய தெரியுது.” பதிவேட்டின் பக்கம் என் போனில் இருந்தது. அவளுக்குப் போன ஈத்திலும் இதே சிக்கல், அப்போது கை கொடுத்த மருத்துவர் யார் என்பதும் எழுதியிருந்தது. ‘எந்த ஆடு?’ என்று நான் கேட்கவில்லை. அவனும் நெற்றியையோ நிறத்தையோ சொல்லவில்லை. மருத்துவர் வந்து சேர்ந்தார், இரண்டு குட்டிகள், இரண்டும் பெட்டை.

3017 சின்னப் பொட்டுக்காரியின் மகள். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, இன்னும் பட்டியில்தான் இருக்கிறாள். பதிவேட்டைத் தொடங்கிய நாளில் முதல் வரியை நான் அவளுக்கும் கொடுக்கவில்லை, அவள் அக்காவுக்கும் கொடுக்கவில்லை. எண் 0001. கிடா. முன்னங்கால்கள் மடங்கியவை. இரண்டு நாள். வில்லை போடவில்லை. அந்த எண் வேறு யாருக்கும் போகாது.